மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரு சாட்சி

கதவை இன்னும் கொஞ்சம் இழுத்துச் சாத்துங்க அம்மிணி. மெதுவாச் சாத்தினா பிடிக்காது. அதுக்குன்னு ஓங்கி அடிக்கவும் கூடாது. அந்தக் காலத்துக் கதவு, கொஞ்சம் மரியாதை எதிர்பாக்கும். ஆங், அவ்வளவுதான். பையை மடியில வெச்சுக்க வேண்டாம், பின்னாடி போடுங்க. இன்னிக்கு பஸ்ஸுக்கு நின்னீங்கன்னா நின்னுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். மாசி மகம், காரமடைத் தேர். கோத்தகிரியே காலி பண்ணிட்டுக் கீழ இறங்குது.

உங்களை எனக்குத் தெரியும். போஸ்ட் ஆபீஸ்ல ரெண்டாவது கவுன்ட்டர். என் சம்சாரம் மயிலாத்தா வருவாளே, வந்ததும் பேனா கேப்பாளே, எழுதிட்டு அதைத் தன் பையிலயே போட்டுக்கப் பாப்பாளே, அவதான். அந்தப் புள்ள வாயைத் திறந்து பேசாது, ஆனா அது சொன்னா சரியா இருக்கும்னு உங்களைப் பத்தி வீட்டுல சொல்லியிருக்கா. அவ ஒருத்தரை நல்லதாச் சொல்றது அபூர்வம். என்னைச் சொன்னதே கிடையாது.

அதனாலதான் ஸ்டாப்புல உங்களைப் பாத்ததும் நிறுத்தினேன். ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்கு வராது. உங்களால எனக்கு ஒரு காரியம் ஆகணும். பெரிசா ஒண்ணுமில்லை. மயிலாத்தா இப்போ காரமடையில அவ தம்பி குழந்தைவேல் வீட்டுல இருக்கா. மார்கழியில போனவ. நான் கூட்டிட்டு வரத்தான் போறேன். நீங்க மேட்டுப்பாளையத்தைத் தாண்டி ஒரு எட்டு அங்க வரைக்கும் வந்து, அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். வண்டி நல்லா இறங்குச்சு, பிரேக் நல்லா இருந்துச்சுன்னு. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா. அப்புறம் உங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வந்து மேட்டுப்பாளையத்துல உங்க வீட்டு வாசல்லயே இறக்கிவிட்டுடறேன்.

தலையாட்டறீங்களே, அது போதும்.

இது அறுபத்தாறாம் வருஷத்து பியட். கியர் பாருங்க, ஸ்டியரிங்குக்குப் பக்கத்துலயே. நான் டீ பேக்டரியில டீமேக்கரா இருந்தப்ப வாங்கினது. டீமேக்கர்னா என்னன்னு தெரியுமில்லைங்களா? இலை வாடறதுலருந்து டிரையர்ல வெளியே வர்ற வரைக்கும் மூக்காலயே பாக்கறவன். இந்த வாசனைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும், இந்த வாசனைக்கு இப்பவே எடுன்னு சொல்றவன். மேனேஜரே என் மூக்கைக் கேட்டுத்தான் டிரையரைப் போடுவார். அதை ஏன் சொல்றேன்னா, எனக்குத் தெரியாம இந்த வண்டியில ஒண்ணும் கருக முடியாது. மயிலாத்தாவுக்கு அது புரியலை.

இருங்க, இந்த வளைவு கொஞ்சம் முரட்டு வளைவு. ம். பாத்தீங்களா, எப்படிப் பிடிச்சுது. இதே வளைவுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

போன சித்திரையில ரெண்டு பேரும் கீழ இறங்கறோம். அப்போ நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்கு. டிரம்னா ஒரு சட்டிக்குள்ள ரெண்டு கட்டை விரிஞ்சு சுவத்துல உரசற மாதிரி வெச்சுக்குங்களேன். சட்டிக்குள்ள சூடு அடைஞ்சுடும். மலை இறங்க இறங்கப் பிடிமானம் குறையும். அன்னிக்கு இந்த வளைவுல நான் மிதிக்கறேன், வண்டி யோசிச்சு யோசிச்சு நிக்குது. எதிர்ல கேரட் லாரி. ஒண்ணும் ஆகலை, உரசக்கூட இல்லை. ஆனா இவ என் கையைப் பிடிச்சவ காரமடை வரைக்கும் விடலை. இறங்கினதும் சொன்னா, நல்ல பிரேக் போட்டா இதுல வர்றேன், இல்லைன்னா நீங்களும் உங்க வண்டியும்னு.

சரின்னு போட்டேன். யாருக்காகப் போட்டேன்? அவளுக்காகத்தான். எனக்கு டிரம்மே போதும்.

மேட்டுப்பாளையத்துல ராயப்பன்னு ஒரு மெக்கானிக். பழைய வண்டின்னா உயிர். முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் வெச்சான். வெளியில ஒரு இரும்புத் தட்டு, ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும், சூடு காத்துல போயிடும். பின்சக்கரம் டிரம்மாவே இருக்கட்டும், கைப்பிரேக்கு அதுலதான் இருக்குன்னு விட்டுட்டான். இதுவரைக்கும் எனக்கும் அவனுக்கும் எந்தத் தகராறும் இல்லை. தகராறு மாஸ்டர் சிலிண்டர்ல வந்துச்சு.

தெரியாதா? சொல்றேன். நம்ம கால் அழுத்தறதை எண்ணெய் வழியா நாலு சக்கரத்துக்கும் தள்ளிவிடறது அதுதான். பானெட்டைத் தூக்கினா டிரைவர் பக்கம் உக்காந்திருக்கும். உள்ளங்கை நீளம்தான் இருக்கும். ஆனா சக்கரத்துல நீங்க என்ன போட்டாலும், அது சரியில்லைன்னா எல்லாம் வீண். ராயப்பன் பெஞ்சு மேல மூணு சிலிண்டரை வரிசையா வெச்சான். ஒண்ணு வண்டியோடயே வந்தது, இரும்புல வார்த்தது, கம்பெனி முத்திரையோட. அடுத்தது ஏதோ வேன்ல இருந்து கழட்டினது, பெரிசு. மூணாவது இந்தக் காலத்துச் சின்னக் காரோடது, தலைமேல வெள்ளை பிளாஸ்டிக் டப்பா.

நான் பெரிசைத்தான் கையில எடுத்தேன். ஆம்பளை புத்தி, வேறென்ன. ராயப்பன் சிரிச்சான். குழாய் அகலமானா கால்ல பலம் அதிகம் வேணும் சார், பெடல் கல்லு மாதிரி இருக்கும்னான். மாட்டியே காமிச்சான். மயிலாத்தாவைக் கூப்பிட்டு மிதிங்கம்மான்னான். அவ செருப்பைக் கழட்டிட்டு மிதிச்சுப் பாத்தா. சுவத்தை மிதிக்கற மாதிரி இருக்குதுன்னா. அப்புறம் வெள்ளை டப்பாவை மாட்டினான். மிதிச்சா. இன்னொரு தடவை மிதிச்சா. இதுன்னா. ரெண்டு அறை இருக்குதும்மா இதுல, முன்சக்கரத்துக்கு ஒண்ணு, பின்சக்கரத்துக்கு ஒண்ணு, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிறுத்தும்னு ராயப்பன் சொன்னான். இதுதான் வேணும்னு மறுபடி சொல்லிட்டா.

அவ சொன்னா அதுல ஒரு இது இருக்கு, இல்லைங்கலை. அவ அப்பா ஊர்த் தேருக்குக் கட்டை போட்டவர். இப்போ குழந்தைவேல் போடறான். நீங்க பாத்திருப்பீங்க, வடத்தை ஊரே இழுக்கும், சக்கரத்துக்கு அடியில கட்டையோட ரெண்டு பேர் குனிஞ்சுக்கிட்டே ஓடுவாங்க. இழுக்கறவன் ஆயிரம் பேர் இருக்கலாம், நிறுத்தறவன் எங்க அப்பான்னு சொல்லுவா. அந்த வீட்டுப் பொண்ணு. நிக்கறதைப் பத்தி அவகிட்ட யாரும் வாதாட முடியாது.

பழசு மட்டும் பெஞ்சு மேல அப்படியே கிடந்துச்சு. ராயப்பன் அதை மாட்டிக்கூடப் பாக்கலை. ஏன்டான்னு கேட்டேன். இது டிரம்முக்குன்னே செஞ்சது சார், இதோட வாயில ஒரு குட்டி வால்வு இருக்கும், கால் எடுத்தாலும் குழாய்ல கொஞ்சம் அழுத்தத்தை வெச்சுக்கும், டிரம்முக்கு அது வேணும், டிஸ்க்குக்கு ஆகாதுன்னான். டிஸ்க்கு விடாம லேசாப் பிடிச்சுக்கிட்டே இருக்கும், உரசி உரசிச் சூடாகும், எண்ணெய் கொதிச்சா பெடல் வெறுங் காத்தாப் போயிடும்னு பெரிய பாட்டாப் பாடினான். நான் என்ன கேக்கறேன், பிரேக்கோட வேலை என்ன? பிடிக்கறது. அது பிடிச்சுக்கிட்டே இருந்தா அதுல என்ன தப்பு?

இப்பவே பாருங்க. இறக்கம். இந்த இறக்கத்துல மத்த வண்டியெல்லாம் தலைகுப்புற ஓடும். நான் ஆக்ஸிலேட்டர் கொடுத்தாத்தான் போகுது. கால் எடுக்கறேன் பாருங்க. பாத்தீங்களா, தானா மெதுவாகுது. இந்தப் பிடிமானம் எங்க கிடைக்கும்?

ஆமாங்க, பழசுதான் இப்போ இருக்கு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மூக்கைப் பொத்திக்காதீங்க, முன்னாடி போற லாரியோடது. டிரைவர் கிளட்ச்சுல காலை வெச்சுக்கிட்டே இறங்கறான். எனக்கு வாசனையிலயே தெரியும். கண்ணாடியை ஏத்திக்குங்க. அந்தக் கைப்பிடி கொஞ்சம் இறுகலா இருக்கும், மெதுவா.

வெள்ளை டப்பாவோட ஆடியிலருந்து மார்கழி வரைக்கும் ஓட்டினேன். குறை சொல்ல ஒண்ணுமில்லை. மயிலாத்தாவும் முன்சீட்டுல, நீங்க உக்காந்திருக்கற இடத்துல, நிலக்கடலை தின்னுக்கிட்டு வந்தா. வளைவுல கண்ணை மூடறதில்லை. ஒருதடவை குஞ்சப்பனைப் பக்கம் தூங்கியேகூடப் போயிட்டா. முப்பது வருஷத்துல இந்த மலையில அவ தூங்கி நான் பாத்ததில்லை.

ஆனா கோயமுத்தூர்ல பழைய கார்க் கண்காட்சி வருது. அதுக்கு முந்தின வருஷம் எனக்குப் பரிசு கிடைக்கலை. தெரியுங்களா ஏன்? ஹாரன். ஹாரன் அசல் இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஒரு ஆள் வருவார், தொப்பி போட்டுக்கிட்டு, கையில டார்ச் வெச்சுக்கிட்டு. சக்கரத்துப் பக்கம் குனியவே மாட்டார். சக்கரத்துக்கு மேலதான் பளபளன்னு மூடி இருக்கே, உள்ள டிரம்மா டிஸ்க்கான்னு எவனுக்குத் தெரியும்? பானெட்டைத்தான் தூக்கச் சொல்லுவார். டார்ச்சை அடிச்சு ஒவ்வொண்ணாப் பாப்பார். அங்க போய் வெள்ளை வெளேர்னு ஒரு பிளாஸ்டிக் டப்பா உக்காந்திருந்தா? கல்யாணப் பொண்ணு கழுத்துல பிளாஸ்டிக் மாலை போட்ட மாதிரி இருக்காது?

பழசை எடுத்துத் தேச்சேன். அது எப்படி மின்னுச்சுங்கறீங்க. ராயப்பன்கிட்ட கொண்டுபோனா, நான் மாட்ட மாட்டேன் சார்னு கையைப் பின்னாடி கட்டிக்கிட்டான். சரி போடான்னு நானே மாட்டினேன். பேக்டரியில எத்தனை மிஷினைப் பிரிச்சு மாட்டினவன் நான். கண்காட்சி முடிஞ்சதும் மறுபடி வெள்ளையை மாட்டிடலாம்னுதான். கணக்கு அதுதான். மயிலாத்தாகிட்ட சொல்லலை. சொன்னா சண்டை, சண்டைன்னா சாப்பாடு இல்லை, எதுக்கு.

மாட்டினா மட்டும் போதாது பாருங்க, குழாய்ல காத்து ஏறியிருக்கும், எடுக்கணும். அதுக்கு ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் உள்ள உக்காந்து பெடலை மிதிக்கணும், இன்னொருத்தர் சக்கரத்துக்கிட்ட நட்டைத் திறந்து மூடணும். இவளைத்தான் கூப்பிட்டேன். எதுக்கு இப்போன்னு கேட்டா. அப்பப்ப காத்து எடுக்கறது நல்லதுன்னேன். பாதி சமையல்ல இருந்தவ, கையைத் துடைச்சுக்கிட்டு வந்து உக்காந்தா. பானெட்டு தூக்கியிருக்கு, அங்கிருந்து ஒண்ணும் தெரியாது. மிதிங்கறேன், மிதிக்கறா. விடுங்கறேன், விடறா. நாலு சக்கரத்துக்கும் மிதிச்சா. கால் வலிக்குதுன்னுகூடச் சொல்லலை. அந்த விஷயத்துல அவளை மாதிரி ஒத்தாசை யாரும் பண்ண மாட்டாங்க.

பரிசு கிடைச்சுது. கப்பு இவ்வளவு உயரம். தொப்பிக்காரர் டார்ச்சை அடிச்சு, இதை எப்படிக் காப்பாத்தி வெச்சிருக்கீங்கன்னு சிலிண்டரைத் தொட்டே பாத்தார். அவ பக்கத்துல இல்லை, கடலை வாங்கப் போயிருந்தா.

மேல ஏறி வீட்டுக்கு வந்து நிறுத்தறோம். இவ ஒரே ஓட்டமா உள்ள போய் ஆலாத்தி கரைச்சுக்கிட்டு வந்தா. மஞ்சள், சுண்ணாம்பு, மேல ஒரு வெத்தலையில சூடம். எனக்கும் வண்டிக்கும் சேத்துச் சுத்தினா. அக்கம்பக்கமெல்லாம் வெளியில வந்து பாக்குது. நான் கப்பைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். சுத்தி முடிச்சு, தண்ணியை முன்சக்கரத்துக்கிட்ட ஊத்தினா. கொஞ்சம் சக்கரத்து மேலயே பட்டுடுச்சு.

சொய்ங்னுச்சு. தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி. ஆவி எழும்புச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க சிரிச்சாங்க, வண்டிக்குத் திருஷ்டி அவ்வளவு இருந்திருக்குன்னு. நானும் சிரிச்சேன். இவ சிரிக்கலை. குனிஞ்சு சக்கரத்துப் பக்கம் கையை வெச்சா, தொடலை, கிட்டத்துல வெச்சா. அப்புறம் தாம்பாளத்தைக் கீழ வெச்சுட்டுப் போய் பானெட்டைத் தூக்கினா.

"வெள்ளை டப்பா எங்க?"

அவ்வளவுதான் கேட்டா. டிக்கியில பத்திரமா இருக்குதுன்னேன்.

சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். அந்தப் பழக்கம் எங்களுக்கு இருக்கு, ஊருக்கே தெரியும். இவ சாப்பாடு போட்டா. பாத்திரம் கழுவினா. காலையில பையோட வந்து நின்னா. அப்பத்தான் சொன்னா.

"என் காலாலயே மிதிக்க வெச்சீங்களே."

இதுக்கு என்ன அர்த்தம் சொல்லுங்க. வேற யார் காலால மிதிக்கறது? வீட்டுல இருக்கறதே ரெண்டு பேர். அதை மாட்டிட்டு வாங்க, வர்றேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டா. நானும் ரெண்டு மாசமா யோசிக்கறேன், அவளுக்கு என்ன குறைன்னு பிடிபடலை. பிரேக் பிடிக்கலைன்னு சொன்னா நியாயம். பிடிக்குதுன்னு கோவிச்சுக்கிட்டா நான் எங்க போய்ச் சொல்றது?

நான் மாட்டியிருப்பேன். அடுத்த மாசம் ஊட்டியில ஒரு கண்காட்சி இருக்கு, அது முடியட்டும்னு பாத்தேன். டப்பா இப்பவும் டிக்கியிலதான், அவ பழைய புடவையில சுத்தி வெச்சிருக்கேன். அவ கண்ணுல காமிக்கலாம்ல, கொண்டுவந்திருக்கேன் பாருன்னு. இன்னிக்குத் தேர். தேருக்குக் கூட்டிட்டுப் போகக்கூட வரலைன்னா அந்த வீட்டுல என்ன மரியாதை எனக்கு? குழந்தைவேல் போன்ல சொல்றான், மாமா, அக்கா வாசலையே பாத்துக்கிட்டிருக்கு, ஆனா நீங்க அந்த வண்டியில அப்படியே வந்தா ஏறாது, இந்தத் தடவை ஏறலைன்னா அப்புறம் எப்பவும் வராதுன்னு. அவன் கிடக்கறான். நீங்க சொன்னா ஏறிடுவா.

என்ன காமிக்கறீங்க? ஆமா, லாரி எஸ்டேட் ரோட்டுல திரும்பிட்டான். நல்லதாப் போச்சு.

வாசனையா? அது... அது அவன் விட்டுட்டுப் போனது. காத்துல கொஞ்ச நேரம் நிக்கும். டிரையர்லயே பாத்திருக்கேன், நிறுத்தினப்புறமும் கருகல் வாடை நிக்கும்.

இல்லை, கீழ வெயில் ஜாஸ்தி, அதனால தார் ரோடு சூடா இருக்கு. அந்த வாடைதான்.

நிறுத்தலாம், நிறுத்தலாம். பயப்படாதீங்க. குஞ்சப்பனை வரட்டும், டீக்கடைகிட்ட நிறுத்திடறேன். இந்த இடத்துல நிறுத்தினா பின்னாடி வர்றவன் திட்டுவான். உங்க முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? மலை இறக்கம் சிலருக்கு ஒத்துக்காது. பையில புளிப்பு மிட்டாய் இருக்கு பாருங்க, அவளுக்குன்னு வாங்கினது, ஒண்ணு எடுத்துக்குங்க.

பெடல் கொஞ்சம் கீழ போகுது. ரெண்டு தடவை மிதிச்சா நிக்குது. பழைய வண்டின்னா அப்படித்தான், முதல் மிதி கூப்பிடறதுக்கு, ரெண்டாவது மிதி வர்றதுக்கு.

ம்.

மூணாவது மிதியிலதான் வருது இப்போ.

கொஞ்சம் பேசாம இருங்க. நீங்க பேசலை, தெரியும். நான் என்னையே சொல்லிக்கறேன்.

அம்மிணி, அந்த ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்குங்க. ஒண்ணுமில்லை. காலை முன்னாடி நல்லா ஊனிக்குங்க. ஒண்ணுமில்லைங்கறேன்ல. பெடல் தரையில போய் உக்காந்துக்கிச்சு. வந்துடும். வரும். வா. கழுதை, வா.

செகண்டு போடறேன். சத்தம் வரும், பயந்துக்காதீங்க. கைப்பிரேக்கு இருக்கு. பின்னாடி டிரம்மு இருக்குல்ல. கொஞ்சம் கொஞ்சமா இழுக்கணும், ஒரேயடியா இழுத்தா சுத்தி விட்டுடும். எதிர்ல பஸ். ஹாரன் அடிக்கறான், அடிக்கட்டும், எனக்கென்ன அடிக்கத் தெரியாதா. அசல் ஹாரன். இந்தப் பக்கம் மலை, மலைப் பக்கமே வெச்சுக்கறேன். பள்ளத்துப் பக்கம் பாக்காதீங்க. பாக்காதீங்கன்னா. குனிஞ்சுக்குங்க.

மயிலா. இழு. இழு.

...

ஆச்சு.

ஆச்சு அம்மிணி. கண்ணைத் திறங்க. வாய்க்கால்ல ஒரு சக்கரம் இறங்கியிருக்கு, அவ்வளவுதான். உங்களுக்கு எங்கயாவது அடி? நெத்தியைக் காமிங்க. சிராய்ப்புதான்.

என் கதவு மண்ணுல சிக்கிக்கிச்சு. உங்க பக்கமா வர்றேன். ஒரு உதவி, அந்தக் கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்க. பெரிசு, அந்தப் பெரிசு. இன்னும் உள்ள தள்ளுங்க. அப்படித்தான். குழந்தைவேல் பாத்தான்னா உங்களைத் தேருக்குக் கூட்டிட்டுப் போயிடுவான்.

புகையா? ஆமா. ரெண்டு முன்சக்கரத்துலயும் வருது. தண்ணி பாட்டில் இருக்கா? அதை இப்படிக் கொடுங்க.

...

சொய்ங்னுச்சுல்ல.

அதே சத்தம்.

சரி, ஒரு நிமிஷம் நில்லுங்க. பானெட்டைத் தூக்கிப் பாக்கறேன். பஸ்லருந்து எல்லாரும் எட்டிப் பாக்கறாங்க, பாக்கட்டும். இதோ, இதுதான். நீங்க பாத்ததில்லையே. எப்படி மின்னுது பாருங்க. முத்திரை கண்ணாடி மாதிரி தெரியுது. இதுக்கு ஒண்ணும் ஆகலை. ஒரு சொட்டு ஒழுகலை. இதுமேல யாராவது தப்புச் சொல்ல முடியுமா? எல்லாம் அந்தச் சக்கரத்துல வெச்ச தட்டுதான். ராயப்பன் ஏதோ மட்டமான சாமானை வெச்சுட்டான். அவளுக்காக டிஸ்க்கு வெச்சேன் பாருங்க, அதுதான் வினை.

என்ன அப்படிப் பாக்கறீங்க? கவுன்ட்டர்ல கையெழுத்து மாறியிருந்தா பாப்பீங்களே, அந்தப் பார்வை.

போன் அடிக்குது. என்னுதுதான். அவளேதான். தேர் கிளம்பியிருக்கும், எங்க வர்றீங்கன்னு கேக்கப் போறா.

நீங்க எடுங்க. இல்லை, நீங்களே எடுங்க. என் குரல் இப்போ நல்லா இல்லை, அவ கண்டுபிடிச்சுடுவா. நான் வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன்னு சொல்லுங்க. வளைவு, அதான் பேச முடியலைன்னு சொல்லுங்க. அப்படியே அந்த ஒரு வார்த்தையையும் சொல்லிடுங்க, வந்த காரியம் முடிஞ்சுடும். வண்டி நல்லா இறங்குச்சுன்னு. இறங்குச்சுல்ல, இவ்வளவு தூரம் நல்லாத்தானே இறங்குச்சு.

எடுங்க. நின்னுடப் போகுது.

ம். ஆமா, போஸ்ட் ஆபீஸ் புள்ளதான்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்களா. அப்புறம்... ஏங்க. ஏங்க, அதை ஏன் சொல்றீங்க. புகையைப் பத்தி இப்போ யார் கேட்டா? வாய்க்கால்ல இறங்கினதெல்லாம் எதுக்கு? இத்தனை தூரம் வாயே திறக்காம வந்தீங்களே, இப்பவா. போனை இப்படிக் கொடுங்க. அம்மிணி, கொடுங்க.

...

சொல்லிட்டீங்க.

டிக்கியில டப்பா இருக்குறதைச் சொன்னீங்களா? அதையும் சொல்லியிருக்கலாம். புடவையில சுத்தி வெச்சிருக்கேன்னு.

சரி விடுங்க. முடிஞ்சுது. இனி அவ வர மாட்டா. என்ன சொல்றா? திட்டறாளா? அழறாளா? ஒண்ணும் சொல்லலையா?

என்ன?

இப்பவே கிளம்பறாளா? தேரை விட்டுட்டா? எதுல, பஸ்லயா? இங்கயா வர்றா?

இருங்க, இருங்க. வேற ஏதோ கேட்டாளே, நீங்க இல்லை இல்லைன்னு சொன்னீங்களே. என்ன கேட்டா?

அடி பட்டிருக்கான்னா?

யாருக்கு? வண்டிக்கா, எனக்கா?

சரியாக் கேட்டுச் சொல்லுங்க அம்மிணி. வெச்சுடாதீங்க. அவ யாரைக் கேட்டா?